ஓடைக்கரைப் பட்டையை எடுத்துவிட்டு வேறிடத்தில் மரம் நட்டால் கணக்கு சரியாகுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஒரு நகரத்தில் பெரிய பூங்கா ஒன்று, ஏரி ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஓடைக்கரையோரமாக ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மரமும் புதருமாக ஒரு பட்டை. சாலையை அகலப்படுத்த அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு, அதைவிட அதிகப் பரப்பில் நகரத்தின் இன்னொரு மூலையில் மரம் நட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். மொத்தப் பசுமை குறையவில்லையே, அப்புறம் ஏன் 'இணைந்த பசுமை வழித்தடம்' (ஒரு பசுமையிடத்திலிருந்து இன்னொன்றுக்கு உயிர்கள் போய்வர உதவும் பட்டை) என்று சிலர் இவ்வளவு கவலைப்படுகிறார்கள், இதில் அறிவியல் எவ்வளவு, கோஷம் எவ்வளவு என்பது உங்கள் கேள்வி. பசுமைக்குப் பரப்பளவு மட்டும்தான் கணக்கா, அது எங்கே எதை ஒட்டி இருக்கிறது என்பதும் கணக்கில் வருமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இடமும் கணக்கில் வரும். அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் வழித்தடங்களின் பெயரில் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அதே அளவு ஆதாரம் இல்லை. நான் சூழலியல் படித்தவன். நகரங்களில் எஞ்சியிருக்கும் பசுமையை வரைபடமாக்கி, எங்கே இணைப்பு அறுந்திருக்கிறது என்று நடந்து பார்த்துக் குறிக்கும் வேலையில் பல வருஷங்களாக இருக்கிறேன். உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்தே சொல்கிறேன்.

இந்தச் சிந்தனைக்கு வேர் 1967இல் ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தீவுகளைப் பற்றி எழுதிய கோட்பாடு. சிறிய தீவில் இனங்கள் சீக்கிரம் அற்றுப்போகும். தொலைவில் உள்ள தீவுக்குப் புதியவை வந்து சேர்வது அரிது. கட்டடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பூங்காவும் ஒரு வகையில் தீவுதான். முப்பது தவளைகள் இருக்கும் குளத்தில் ஒரு கடும் வறட்சியோ நோயோ வந்தால் அத்தனையும் போய்விடலாம். அது எந்தக் குளத்திலும் நடக்கும். பக்கத்திலிருந்து தவளைகள் திரும்ப வந்து சேர வழி இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். வழி இருந்தால் சில வருஷங்களில் குளம் மீண்டுவிடும். இல்லையென்றால் அந்த இழப்பு நிரந்தரம். 1975இல் ஜாரெட் டயமண்ட் இதை இயற்கைக் காப்பகங்களுக்கான வடிவமைப்பு விதியாகவே எழுதினார்: துண்டுகளை வழித்தடங்களால் இணையுங்கள் என்று.

அப்போது அது பெரும்பாலும் ஊகம். 1987இல் டேனியல் சிம்பர்லாஃபும் ஜேம்ஸ் காக்ஸும், ஆதாரம் இல்லாமல் வழித்தடங்களில் பணத்தைக் கொட்டுகிறோம், அதே பணத்தில் பெரிய வாழிடத்தை வாங்கலாமே, நோயும் தீயும்கூட அதே வழியில் பரவுமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பிறகு நல்ல சோதனைகள் நடந்தன. அவற்றில் ஒன்று உங்கள் கேள்விக்கென்றே அமைத்ததுபோல இருக்கிறது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சவன்னா ஆற்றுப் பகுதியில், அடர்ந்த பைன் காட்டுக்குள் திறந்தவெளித் திட்டுகளை வெட்டி உருவாக்கினார்கள். நடுவே ஒரு ஹெக்டேர் திட்டு. அதிலிருந்து 150 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை போய் இன்னொரு திட்டைத் தொடும். சுற்றிலும் எதோடும் இணையாத திட்டுகள். இணைந்த திட்டுக்கு அந்தப் பட்டையால் பரப்பு கூடிவிடுகிறதே, பலன் பரப்பால் வந்ததா, இணைப்பால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? அதற்காக இணையாத திட்டுகளுக்கும் அதே அளவு பரப்பைக் கூட்டினார்கள். சிலவற்றில் பட்டையின் நிலத்தையே இரண்டாகப் பிரித்து, இருபுறமும் எங்கும் போய்ச் சேராத இறக்கைகளாக ஒட்டினார்கள். பரப்பளவு ஒன்றுதான், இணைப்பு மட்டும் கிடையாது. பதினெட்டு வருஷத் தரவு 2019இல் வெளியானது. இணைந்த திட்டுகளில் தாவர இனங்கள் 14 சதவீதம் அதிகம். வருஷாவருஷம் அந்த இடைவெளி கூடிக்கொண்டே போயிருக்கிறது, நின்றுவிடவில்லை. பரப்பைச் சமன்செய்தால் போதும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அது நகரம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். நகரங்களைப் பொறுத்தவரை, 2015இல் உலகின் 75 நகரங்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உயிரின வளத்தோடு மிக வலுவாகச் சேர்ந்து வந்தவை இரண்டு: திட்டின் பரப்பளவு, வழித்தடம். பரப்புக்கு மிகவும் கட்டுப்பட்ட இனங்கள் வேகமாக மறையாமல் இருக்க 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட இடங்கள் வேண்டும் என்றும் அந்தத் தொகுப்பு சொன்னது. இந்த இரண்டாவது முடிவைப் போராடுபவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். இரு முனையிலும் உருப்படியான வாழிடம் இல்லாத வழித்தடத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கனடா சூழலியலாளர் லெனோர் ஃபாரிக் 2013இல் இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுவட்டாரத்தில் மொத்தம் எவ்வளவு வாழிடம் இருக்கிறது என்பதே இனங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது, துண்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது பெரிதில்லை என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. என் தீர்ப்பு இது: வெற்று நிலத்தில் புதிதாகத் தொடங்குகிறீர்கள், கையில் குறைந்த பணம்தான் என்றால் முதலில் பரப்பைப் பெருக்குங்கள். ஏற்கெனவே இருக்கும், வேலை செய்துகொண்டிருக்கும் இணைப்பை அறுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம்.

ஓர் ஆற்றுப் பாலத்தை இடித்துவிட்டு, அதே சதுர அடிக்கு ஊரின் மறுகோடியில் தார் போட்டுத் தருகிறோம் என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். உங்கள் ஓடைக்கரைப் பட்டையின் விஷயத்திலும் நடப்பது அதுதான். அதன் மதிப்பு அது தொடும் இரண்டு முனைகளில் இருக்கிறது. வேறொரு மூலையில் நடப்படும் மரங்கள் அந்த மூலைக்கு நல்லது செய்யலாம். பூங்காவையும் ஏரியையும் இணைக்க அவற்றால் முடியாது. இன்னொன்றும் உண்டு. முதிர்ந்த மரத்தின் பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆந்தையும் கிளியும் மைனாவும் தாமே பொந்து குடைவதில்லை, இருப்பதைத் தேடித்தான் வருகின்றன. ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நட்டாலும் அந்தப் பொந்து பத்து மடங்காகிவிடாது.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். நியூயார்க்கின் பூங்காக்களில் வாழும் வெண்கால் எலிகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பூங்காக்களின் எலிகளே தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்திருந்தன. பூங்காக்களுக்கு இடையே மரச்செறிவு இருந்த திசைகளில்தான் மரபணுக் கலப்பு இருந்தது. அடுத்தது, லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் வாழ்ந்த பி-22 என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட ஆண் பூமா, அமெரிக்கக் காட்டுப் பெரும்பூனை. இரண்டு பெரும் விரைவுச்சாலைகளைக் கடந்து அங்கே வந்து, 2012இல் கேமராவில் சிக்கியது. ஆண் பூமா சாதாரணமாகச் சுற்றும் பரப்பில் ஒரு சிறு பங்குதான் அந்தப் பூங்கா. திரும்பிப் போக வழியில்லை, அங்கே வேறு பூமாவும் இல்லை. 2022 டிசம்பரில் நோயும் காயமுமாக இருந்ததைக் கருணைக்கொலை செய்யும்வரை அதற்கு இணை கிடைக்கவே இல்லை. பத்து வருஷம் அதைப் பார்த்தவர்களுக்குப் 'பூங்காவில் பூமா வாழ்கிறது' என்பது வெற்றிக் கதையாகத் தெரிந்தது. அது ஒரு தனி விலங்கின் வாழ்நாள், அவ்வளவுதான். இனம் தழைக்க அந்தப் பூங்காவில் வழி இருக்கவில்லை.

இந்த ஏமாற்றம் சிறிய உயிர்களிலும் நடக்கிறது, அதைக் கவனிப்பது இன்னும் கடினம். பட்டையை வெட்டிய அடுத்த வருஷம் கணக்கெடுத்தால் பூங்காவில் அதே பறவைகள், அதே தவளைகள், அதே மரங்கள் இருக்கும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று அறிக்கை எழுதலாம். இருப்பவை வாழ்ந்து முடிக்கும். அவற்றின் இடத்தை நிரப்ப வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. இழப்பு முழுதாகத் தெரிய இருபது, முப்பது வருஷம்கூட ஆகும். ஒரு வருஷக் கண்காணிப்பு அறிக்கையை நான் இதனால்தான் நம்புவதில்லை.

சரி, பட்டை இருக்கிறது என்பதாலேயே அது வழித்தடம் ஆகிவிடுமா? ஆகாது. பலரும் தவறவிடும் இடம் இது. செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தொடர்ந்து தெரியும் கோடு, தரையில் ஐந்து இடத்தில் அறுந்திருக்கும். நான் முதலில் பார்ப்பது ஓடை சாலையைக் கடக்கும் குழாய்ப் பாலங்களை. போடும்போது குழாயின் அடிமட்டம் ஓடைப் படுகையோடு சமமாக இருந்திருக்கும். குழாய்க்குள் நீர் வேகமாகப் பாய்வதால் வெளியேறும் முனையில் மண் அரித்து அரித்துப் பள்ளமாகிவிடும். சில வருஷத்தில் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே தொங்கும், நீர் மெல்லிய தகடாக அதிலிருந்து கீழே விழும். அந்த ஒரு முழத்தை மீன் ஏறாது, ஆமையும் ஏறாது. உள்ளே நீரோட்டத்தை ஒட்டி உலர்ந்த விளிம்பு இல்லையென்றால் கீரி போன்றவை உள்ளே நுழையாமல் சாலை மேலேறிக் கடக்கப் பார்க்கும், அடிபடும். படுகை மட்டத்துக்குக் கீழே பதித்த பெட்டிப் பாலமும், அதன் உட்சுவரில் கால் வைக்கும் அளவுக்கு ஒரு திட்டும் இருந்தால் இது சரியாகிவிடும். சாலை வேலை நடக்கும்போதே செய்தால் கூடுதல் செலவு பெரிதில்லை. வேலை முடிந்த பின் உடைத்துச் செய்வதுதான் எட்டாத காரியம்.

அடுத்தது வெளிச்சம். மரவரிசையை ஒட்டியே பறந்து போகும் வௌவால் இனங்கள் உண்டு. இங்கிலாந்தில் சிறிய குதிரைலாட வௌவால்கள் வழக்கமாகப் போகும் புதர்வேலி ஓரங்களில் சோதனைக்காக விளக்கு வைத்துப் பார்த்தார்கள். நடமாட்டம் சட்டென்று குறைந்தது. ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை. 'பூங்கா நடைபாதை மேம்பாடு' என்று வரிசையாகப் பளீர் வெள்ளை விளக்குகளை நட்டு, இரவு வழித்தடத்தை மொத்தமாக மூடிவிட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். மதில்களும் அப்படித்தான். பிரிட்டனில் முள்ளெலிகளுக்காக வீட்டுத் தோட்ட வேலிகளின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஓட்டை விடுகிறார்கள், அவ்வளவே போதும். வண்ணத்துப்பூச்சிக்கும் பல பறவைகளுக்கும் பட்டை தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, அடுத்தடுத்து எட்டும் தூரத்தில் திட்டுகள் இருந்தால் சமாளிக்கும். அணிலுக்கு மரக்கிளைகள் தொட்டுக்கொள்ள வேண்டும், தவளைக்கு ஈரமான தரை வேண்டும். ஆகவே 'இது வழித்தடமா' என்று கேட்கும்போதே 'எதற்கு' என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

நன்றாக அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் சிங்கப்பூரைக் காட்டுவேன். அங்கே புக்கிட் தீமா காட்டையும் நடுவண் நீர்ப்பிடிப்புக் காட்டையும் 1986இல் ஒரு விரைவுச்சாலை பிரித்தது. 2013இல் அதன் மேலே 62 மீட்டர் நீளத்தில், மண் கொட்டி மரம் நட்ட பாலம் ஒன்றைக் கட்டினார்கள். எறும்புத்தின்னிகள் அதில் கேமராவில் பதிவாகியிருக்கின்றன. பிஷான் பூங்காவில் நேர்கோடாக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக 2012இல் மாற்றினார்கள். யாரும் கொண்டுவந்து விடாத நீர்நாய்கள் நீர்வழியாகத் தாமே வந்து குடும்பமாக அங்கே இருந்தன. அதே ஆற்றுக்கு வெள்ளத்தில் பரந்து ஓடவும் இடம் கிடைத்தது. ஓடைக்கரை வழித்தடங்களை நான் மற்றவற்றைவிட ஒரு படி மேலே வைப்பதற்கு இதுதான் காரணம். ஒரே நிலம் உயிர்களுக்கும் உதவுகிறது, மழைநீருக்கும் இடம் தருகிறது. வெள்ளத்துக்கான இடத்தில் சாலை போட்டால் தண்ணீர் வேறொருவர் வீட்டுக்குப் போகும், இதில் சந்தேகமே இல்லை.

வெப்பம் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி உறுதி, பாதி மிகை. ஒரு லிட்டர் நீர் இலையிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, மின்கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. நிழல் அதற்கு மேல். பல நகரங்களின் அளவீடுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், பகலில் பூங்காக்கள் சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. இந்தக் குளிர்ச்சி பூங்கா ஓரத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள் கரைந்துவிடும். அதனால் நீளமான பட்டை அதிக வீடுகளைத் தொடும் என்பது உண்மை. 'ஒரு வழித்தடத்தால் நகரமே குளிரும்' என்பது உண்மையில்லை. மரங்கள் காற்றைச் சுத்தம் செய்கின்றன என்பதையும் நான் வாதமாக வைக்கமாட்டேன். இலைகள் பிடிக்கும் தூசு மொத்த மாசில் சிறு பங்குதான், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே குறுகிய தெருவில் அடர்ந்த மரங்கள் புகையை வெளியேறவிடாமல் தேக்கவும் கூடும்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் கிண்ணம்போன்ற பள்ளத்தாக்கில், காற்றோட்டம் குறைந்த இடத்தில் இருக்கிறது. 1938இலேயே வானிலை வல்லுநரை நகர நிர்வாகத்தில் அமர்த்தி, இரவில் மலைச்சரிவிலிருந்து குளிர்காற்று இறங்கும் வழிகளைக் கண்டு, அவற்றில் கட்டடம் வராமல் காத்துவருகிறார்கள். அங்கே ஒரு முரண் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. காற்று தாராளமாக ஓட அகலமான, தாழ்ந்த புல்வெளி வேண்டும். பல சிறு உயிர்கள் கடக்க அடர்ந்த புதர் வேண்டும். ஒரே பட்டையில் இரண்டையும் முழுமையாகப் பெற முடியாது. எதற்கு முன்னுரிமை என்று திட்டமிடும்போதே முடிவு செய்ய வேண்டும்.

தீமையும் உண்டு. சவன்னா சோதனை நடந்த அதே இடத்தில், வழித்தடங்கள் அயல் தீயெறும்புகளின் ஆதிக்கத்தைக் கூட்டி, உள்ளூர் எறும்பினங்களைக் குறைத்ததும் பதிவாகியிருக்கிறது. குறுகிய பட்டை முழுக்க ஓரமாகவே இருப்பதால் களைச்செடி, பூனை, நாய் எல்லாவற்றுக்கும் அது திறந்த வீடு. எத்தனை மீட்டர் அகலம் போதும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எல்லா உயிருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. நீளம் கூடக்கூட அகலமும் கூட வேண்டும், அகலம் குறைந்தால் பராமரிப்பு கூட வேண்டும். நடைமுறையில் நான் அகலத்தை மட்டும் பார்ப்பதில்லை. அடியில் புதர் இருக்கிறதா, உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளாமல் விடுகிறார்களா, இரவில் இருட்டாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இந்த மூன்றும் இருக்கும் பதினைந்து மீட்டர் பட்டை, புல்லை ஒட்ட வெட்டி விளக்குப் போட்ட ஐம்பது மீட்டர் பட்டையைவிடப் பல உயிர்களுக்கு மேல்.

வழித்தடங்கள் அழிவது பெரும்பாலும் ஒரே வெட்டில் இல்லை. ஒரு பட்டையின் நிலம் நீர்வளத் துறையிடம் கொஞ்சம், ரயில்வேயிடம் கொஞ்சம், மின்கம்பி போகும் இடம் கொஞ்சம், தனியாரிடம் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். ஒவ்வொருவரும் தம் நூறு மீட்டரில் ஒரு வாகன நிறுத்தமோ கிடங்கோ கட்டுவார்கள். அந்த நூறு மீட்டரை மட்டும் பார்க்கும் மதிப்பீட்டில் 'பாதிப்பு சிறிது' என்றே வரும். முழுக் கோடும் யாருடைய கோப்பிலும் இருக்காது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் 1947இல், நகரம் கைவிரல்கள்போல நீண்டு வளரவும் அந்த விரல்களுக்கு இடையே பசுமை இருக்கவும் திட்டத்திலேயே வரைந்து வைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பசுமை ஆப்புகள் பெருமளவு மிஞ்சியிருக்கின்றன. 2022இல் பல நாடுகள் ஏற்ற குன்மிங்-மான்ட்ரியல் உயிரினப் பன்மை உடன்பாட்டின் 12ஆவது இலக்கிலும் நகரப் பசுமையின் பரப்பு, தரம் ஆகியவற்றோடு இணைப்பும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. கூட்டங்களில் நீங்கள் தைரியமாக எடுத்துக்காட்டலாம். நில உரிமை, இழப்பீடு, வழித்தடம் வந்தபின் சுற்றுப்புற வாடகை ஏறி ஏழைகள் வெளியேறுவது போன்றவை முக்கியமானவை, ஆனால் என் படிப்புக்கு வெளியே இருப்பவை. அவற்றுக்கு வழக்கறிஞரையும் நகரத் திட்ட வல்லுநரையும் கேளுங்கள்.

உங்கள் பட்டைக்கு வருகிறேன். சாலை தவிர்க்கவே முடியாது என்றால், ஈடாக வரும் மரங்களை வேறு மூலையில் வாங்காதீர்கள். அதே பூங்காவுக்கும் ஏரிக்கும் நடுவே, ஓடையின் மறுகரையிலாவது, புதிய பட்டை வேண்டும் என்று கேளுங்கள். அது வளர்ந்து வேலை செய்யத் தொடங்கிய பின்பே பழையதைத் தொடவேண்டும் என்றும், குழாய்ப் பாலங்களைப் படுகை மட்டத்துக்குக் கீழே உலர்திட்டோடு அமைக்க வேண்டும் என்றும், கரைப்பக்கம் திரும்பாத விளக்குகளே வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் உடனே செய்யவேண்டியது, பட்டையில் இப்போது எது நடமாடுகிறது என்று பதிவு செய்வது. மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை, இரண்டிலும் இரவு நேரமும் சேர்த்து. ஈர மண்ணில் காலடித் தடம், பொந்துள்ள மரங்களின் இடம், தவளைச் சத்தம், ஒவ்வொரு குழாய்ப் பாலத்தின் படம், தேதியோடு. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். எதிர்த்தரப்பு ஆய்வாளர் நிலத்தில் 'குறிப்பிடத்தக்க உயிரினம் இல்லை' என்று எழுதினால், அதை மறுக்க உங்களிடம் இருக்கப்போவது அந்தப் பதிவு ஒன்றுதான். மரங்கள் போனபின் அதை எடுக்க முடியாது.